கதவு திறப்பதற்கு முன்: ஒன்றியத்தில் சேர நினைக்கும் நாடுகள் ஏன் மாறுகின்றன?

2025 தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உச்சநிலை மாநாடு என்பதால் கேஎல்சிசி பக்கம் சாலைகளை மூடியிருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் பேச்சு முழுக்க டிராஃபிக் ஜாமையும் டிரம்ப் வருகையையும் பற்றித்தான். அன்றுதான் திமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. மேடையில் புதிதாக ஒரு கொடி நின்றது. அதன் பிரதமர் சனானா குஸ்மாவ் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

பக்கத்து மேசையில் ஒருவர் சொன்னார்: "சும்மா சேர்த்துட்டாங்க. ஐரோப்பாவுல இப்படி நடக்குமா? அங்க பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் சொன்னா நாட்டோட சட்டத்தையே மாத்தணும்." எதிரில் இருந்தவர் விடவில்லை. "அதுதான் தப்புங்குறேன். சின்ன நாட்டை மிரட்டி வேலை வாங்குறாங்க." இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் திமோர் லெஸ்தே சும்மா சேர்ந்துவிடவில்லை, ஐரோப்பாவில் நடப்பதும் வெறும் மிரட்டல் கிடையாது. இந்த விஷயத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டு பிடிப்பதிலிருந்து தொடங்கலாம்

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுத் தொகுதி. பத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டு பிடிக்கிறார்கள். மாதம் ஆளுக்கு 200 வெள்ளி. மொத்தம் 2,000 வெள்ளி, மாதம் ஒருவருக்கு. நம் நாட்டில் இதைச் சட்டம் 1971லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் இது எப்படி நடக்கும் என்பது தெரியாத தமிழ்க் குடும்பம் இங்கே இருக்குமா என்ன?

புதிதாக ஒருவர் சேர வந்தால் கூட்டுத் தலைவி சில கேள்விகள் கேட்பார். எங்கே வேலை? சம்பளம் மாதாமாதம் வருகிறதா? உனக்காக யார் பேசுவார்? சேர நினைப்பவர் வீட்டில் அன்றைக்கே ஏதோ மாறத் தொடங்கும். கணவருடைய சிகரெட் செலவு முதல் முறையாகக் கணக்கு நோட்டில் ஏறும். "கூட்டுக்குக் கட்டணும்" என்ற ஒரே சொல்லை வைத்து, அந்தப் பெண் நெடுநாளாகக் கேட்டும் நடக்காத ஒன்றை நடத்திக் காட்டுவார். தலைவி அந்த வீட்டுக்குள் காலடி வைத்திருக்கவே மாட்டார். வீட்டை மாற்றியது உள்ளே இருந்த பெண்தான். தலைவியின் நிபந்தனை அவர் கையில் ஒரு பிடியாக அமைந்தது, அவ்வளவே.

இதே கதையில் இன்னும் இரண்டு பக்கங்கள் உண்டு. முதல் மாதமே பணத்தை எடுத்துக்கொண்டவர் அடுத்த மாதம் ஒழுங்காகக் கட்டுவாரா என்பது ஒன்று. "அடுத்த சுற்றில் பார்க்கலாம்" என்று தலைவி தள்ளிக்கொண்டே போனால், சேர வந்தவர் எத்தனை காலம் காத்திருப்பார் என்பது மற்றொன்று. நாடுகளின் கதையிலும் இந்த மூன்றும் அப்படியே வரும்.

ஒரு கூட்டமைப்பு, "இன்னின்னதைச் செய்தால் உறுப்பினராக்குகிறோம்" என்று சொல்லி, சேர விரும்பும் நாட்டை மாறவைப்பதை இனி நிபந்தனை முறை என்று அழைப்போம்.

நிபந்தனையைச் சேர வருபவரும் வைக்கலாம்

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1963இல் மலேசியா உருவானபோது சபா 20 அம்சங்களையும் சரவாக் 18 அம்சங்களையும் முன்வைத்தன. சமயம், மொழி, கல்வி, குடிநுழைவு என்று அந்தப் பட்டியல் நீண்டது. அங்கே நிபந்தனை வைத்தது சேர வந்த தரப்பு. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு போகும் நாம், ஒரே நாட்டுக்குள் பறந்து போய் இறங்கிய பிறகும் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டுகிறோமே, அது அந்தப் பேரத்தின் மிச்சம். சட்டத்தில் எழுதப்பட்ட அம்சம் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. தெளிவாக எழுதப்படாதவற்றைப் பற்றி இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசல்

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். 1993இல் கோபன்ஹேகனில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் மூன்று அளவுகோல்களை வகுத்தார்கள். சேர விரும்பும் நாட்டில் ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு ஆகியவை உறுதியாக இருக்க வேண்டும். போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம் வேண்டும். மூன்றாவதாக, ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பு முழுவதையும் ஏற்று நடைமுறைப்படுத்தும் திறன் வேண்டும்.

சட்டத் தொகுப்பு என்றால், ஒன்றியம் இதுவரை இயற்றிய சட்டங்கள், விதிகள், அதன் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்த பெரிய மூட்டை. பேச்சுவார்த்தைக்காக அதை 35 அத்தியாயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அத்தியாயம் மீன்பிடி, ஒன்று நீதித்துறை, ஒன்று உணவுப் பாதுகாப்பு, இப்படிப் போகும். பேச்சுவார்த்தை என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. சட்டத்தில் பேரம் பேச இடமில்லை. எப்போது, எவ்வளவு கால அவகாசத்தில் அமலாக்குவது என்பதில்தான் பேச்சு.

வேட்பாளர் நாடு, அதாவது சேரத் தகுதியானது என்று ஒன்றியம் அறிவித்துவிட்ட நாடு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வரும். பள்ளி ரிப்போர்ட் கார்டு மாதிரிதான். ஒவ்வொரு முக்கியப் படியிலும் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு கையைத் தூக்கி "முடியாது" என்றால் அங்கேயே நின்றுவிடும். இந்த ஒற்றை விதி பின்னால் எவ்வளவு வலியைக் கொண்டுவரும் என்பதைப் பார்ப்போம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நாடு தானாக விண்ணப்பிக்கிறது, பரிசு கடைசியில் கிடைக்கிறது, நடுவில் படிப்படியாகச் சோதனை, ஒவ்வொரு படியிலும் எல்லாருடைய சம்மதமும் தேவை.

மிரட்டலா, கைப்பிடியா?

துருக்கியை எடுத்துக்கொள்வோம். அங்கே கோடிக்கணக்கான குர்து மக்கள் வாழ்கிறார்கள். 1983 முதல் 1991 வரை அவர்கள் மொழியில் எதையும் வெளியிடுவதையே சட்டம் தடுத்திருந்தது. 1991இல் லெய்லா சானா என்ற பெண் நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டுக் குர்திய மொழியில் ஒரு வாக்கியம் பேசினார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 1994இல் அவர் சிறைக்குப் போனார்.

1999இல் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியை வேட்பாளர் நாடாக ஏற்றுக்கொண்டது. 2002 ஆகஸ்டில் துருக்கி நாடாளுமன்றம் போர்க்காலம் தவிர்த்த மரண தண்டனையை நீக்கியது. குர்திய மொழியில் ஒலிபரப்பவும் தனியார் வகுப்புகளில் அதைக் கற்பிக்கவும் அனுமதித்தது. 2004 ஜூனில் அரசுத் தொலைக்காட்சியில் முதல் முறையாகக் குர்திய மொழி ஒலித்தது. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் அளவுக்கு. அதே நாளில் லெய்லா சானா விடுதலையானார்.

வாரத்துக்கு அரை மணி நேரம் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். காலையில் மின்னல் எஃப்எம்மைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புபவர்கள் நாம். அரசு வானொலியில் தாய்மொழி கேட்பது நமக்கு மழை, வெயில் போல இயல்பான விஷயம். அது இல்லாத வீட்டில் அந்த அரை மணி நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த உரிமையைக் கேட்டது பிரஸ்ஸல்ஸ் என்றா சொல்வது? குர்து மக்களும் துருக்கியின் மனித உரிமை வழக்கறிஞர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்காகச் சிறைக்கும் போனார்கள். முன்பெல்லாம் அவர்களை நாட்டைப் பிளப்பவர்கள் என்று சொல்லி வாயடைக்க முடிந்தது. வேட்பாளர் நாடானபின் அதே கோரிக்கை "ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் இது தேவை" என்ற வடிவில் மேசைக்கு வந்தது. வியாபாரிகளும் அதற்குத் தலையாட்டினார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சந்தை வேண்டும். செந்தூல் பெண்மணி கையில் கிடைத்த பிடி இதுதான். உள்ளே கேட்க ஆளே இல்லாத இடத்தில் வெளியிலிருந்து வரும் நிபந்தனை காகிதத்தில் மட்டும் நிறைவேறும்.

லாத்வியாவின் சிவப்பு ஐசி

என்னை மிகவும் பாதித்த உதாரணம் இது. மலேசியத் தமிழர் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது.

லாத்வியா பால்டிக் கடலோரத்தில் உள்ள சிறிய நாடு. சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991இல் விடுபட்டது. சோவியத் காலத்தில் ஏராளமான ரஷ்ய மொழி பேசுவோர் அங்கே தொழிற்சாலைகளுக்கும் இராணுவத்துக்கும் வந்து குடியேறியிருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் குடியுரிமை என்று லாத்வியா முடிவெடுத்தது. சுமார் 25 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் 'குடிமக்கள் அல்லாதோர்' ஆனார்கள். அவர்களுக்கென்று தனி வகைக் கடவுச்சீட்டு. தங்கலாம், வேலை செய்யலாம், ஓட்டுப் போட முடியாது, சில அரசு வேலைகளும் கிடைக்காது.

லாத்வியர்களின் அச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது ஆண்டு ஆக்கிரமிப்பில் தம் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அந்தக் காயம் பொய்யில்லை. ஆனால் அங்கே பிறந்த குழந்தை அதற்கு என்ன செய்யும்?

1994இல் வந்த குடியுரிமைச் சட்டம் 'ஜன்னல்' முறை என்ற ஒன்றை வைத்தது. பிறந்த இடம், வயது இவற்றைப் பொறுத்து ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வோர் ஆண்டில்தான் விண்ணப்பிக்கும் ஜன்னல் திறக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையினருக்கான ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் இதை மாற்றச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்தார். அவர் கையில் வெறும் கடிதங்கள்தான் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் அவருடைய பரிந்துரைகளுக்குப் பின்னால் நின்றபோதுதான் அந்தக் கடிதங்களுக்கு எடை வந்தது.

1998இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஜன்னல்கள் ஒழிந்தன. விடுதலைக்குப் பிறகு அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோர் விண்ணப்பித்துக் குடிமக்களாகப் பதிவு செய்யலாம் என்றானது. எதிர்த்தவர்கள் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 3ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் சுமார் 53 விழுக்காட்டினர் திருத்தத்தைக் காப்பாற்றினார்கள். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. அதாவது தங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லாத லாத்வியக் குடிமக்களே, தம் அண்டை வீட்டாருக்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒன்றியத்தில் சேரும் ஆசையும் அந்த ஓட்டில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

நாங்கள் முன்பு குடியிருந்த வரிசையில் ஓர் அம்மா இருந்தார். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. குடியுரிமைக்கான மலாய் மொழித் தேர்வுக்காக எழுபது வயதை நெருங்கும்போதும் பேத்தியோடு உட்கார்ந்து பேசிப் பழகுவார். தேர்தல் நாளில் நாங்கள் விரலில் மையோடு திரும்பி வரும்போது வாசலில் நின்று, "கூட்டமா இருந்துச்சாப்பா?" என்று கேட்பார். லாத்வியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

லாத்வியா 2004 மே 1இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. அப்போதும் பல லட்சம் பேர் குடியுரிமை இல்லாமல்தான் இருந்தார்கள். மொழித் தேர்வைக் கடினமாகக் கண்டவர்கள் உண்டு, நாங்கள் ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று மனம் கசந்து ஒதுங்கியவர்களும் உண்டு. 2020 ஜனவரி முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு விண்ணப்பம் இல்லாமலே குடியுரிமை என்று லாத்வியா சட்டம் இயற்றியது. அப்போது வெளியிலிருந்து எந்தச் சேர்க்கை நிபந்தனையும் இல்லை. ஜன்னலை நிபந்தனை திறந்தது. கடைசிக் கதவைத் திறக்க உள்ளூர் மனசாட்சிக்கு மேலும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சமையல் கட்டு வரை வரும் சட்டம்

பெரிய உரிமைகளை மட்டும்தான் நிபந்தனைகள் தொடும் என்று நினைத்தால் அது தவறு. 35 அத்தியாயங்களில் பெரும்பகுதி அன்றாட வாழ்க்கை. போலந்து 2004இல் சேர்ந்தபோது பால் பண்ணைகளும் இறைச்சிக் கூடங்களும் ஒன்றியத்தின் சுகாதார விதிகளுக்கு மாற வேண்டியிருந்தது. சுவருக்கு ஓடு, எவர்சில்வர் மேசை, குளிரூட்டி. பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கிச் செய்தன. சிறிய கூடங்கள் பல மூடப்பட்டன.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கஷ்டமில்லை. உணவுக்கடைகளில் நகராட்சி ஒட்டும் ஏ, பி, சி தர அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். விதி நல்லது, வயிறு பிழைக்கும். ஆனால் பாட்டி காலத்து ஒற்றை அடுப்புக் கடைக்கு அந்தச் செலவு தாங்குமா? நன்மை எல்லாருக்கும் பரவும்போது செலவு சிலர் தலையில் மட்டும் விழுகிறது. ஒன்றியத்துக்கு எதிராகக் கிராமங்களில் எழும் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சேர்ந்தவுடன் எல்லை திறந்ததும் ஒரு விளைவு. லிதுவேனியாவில் 1990இல் ஏறத்தாழ 37 லட்சம் பேர், 2019இல் 28 லட்சம். எல்லாமே ஒன்றியத்தால் அல்ல, ஆனால் 2004க்குப் பிறகு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிய இளைஞர்கள் ஏராளம். ஜொகூரிலிருந்து விடியற்காலையில் சிங்கப்பூர் ஓடுபவர்கள் இரவில் வீடு திரும்புகிறார்கள். லிதுவேனிய இளைஞர்கள் அப்படித் திரும்பவில்லை.

வாசலைத் தள்ளிக்கொண்டே போனால்

மாசிடோனியா 2005இல் வேட்பாளர் நாடானது. கிரேக்கத்தின் வடக்கு மாநிலத்தின் பெயரும் மாசிடோனியா என்பதால், பெயரை மாற்றும்வரை விடமாட்டோம் என்று அந்த நாடு தடுத்தது. 2018இல் இரு நாடுகளும் ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒப்பந்தம் செய்தன. நாட்டுக்குள் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 37 விழுக்காட்டினரே ஓட்டுப் போட்டார்கள். பலர் வீட்டிலேயே இருந்து தம் வேதனையைக் காட்டினார்கள். ஆனாலும் 2019 பிப்ரவரியில் எல்லைப் பலகையில் புதிய பெயர் ஏறியது: வட மாசிடோனியா.

பெயரையே கொடுத்தாகிவிட்டது. அந்த அக்டோபரில் பிரான்ஸ் "இப்போது வேண்டாம்" என்றது. 2020இல் பல்கேரியா, வரலாற்றையும் மொழியையும் காட்டித் தடுத்தது. பிறகு அரசமைப்புச் சட்டத்தில் பல்கேரியர்களைச் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால் பெண்வீட்டில் என்ன நடக்கும்? முதலில் விட்டுக்கொடுக்கச் சொன்ன பெரியவர்தான் தலைகுனிந்து நிற்பார். வட மாசிடோனியாவில் நடந்தது அதுதான். மாற்றத்துக்காக உழைத்த ஆட்சியாளர்களை 2024 தேர்தல்களில் மக்கள் கைவிட்டார்கள்.

துருக்கியிலும் இதே போல. 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஜெர்மனி, பிரான்ஸ் தலைவர்கள் முழு உறுப்புரிமை வேண்டாம், சலுகையோடு கூடிய கூட்டாளியாக இருக்கலாம் என்று பேசினார்கள். துருக்கி அரசும் தன் பங்குக்குப் பாதையை விட்டு விலகியது. 2018இல் பேச்சு நின்றேபோனது என்று ஒன்றியமே சொல்லிவிட்டது.

சுருக்கமாக: நிபந்தனை வேலை செய்ய இரண்டு நம்பிக்கை வேண்டும். செய்யாவிட்டால் நிச்சயமாகச் சேர்க்கமாட்டார்கள், செய்தால் நிச்சயமாகச் சேர்ப்பார்கள். இதில் ஒன்று உடைந்தாலும் நாட்டுக்குள் மாற்றம் கேட்பவர்களின் கை தளர்ந்துவிடும்.

சேர்ந்த பிறகு?

முதல் மாதமே கூட்டுப் பணத்தை எடுத்தவர் ஞாபகம் இருக்கிறதா? ஹங்கேரி 2004இல் நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தது. 2010இல் ஆட்சிக்கு வந்த விக்டர் ஓர்பான் அரசு, நீதிமன்றங்களையும் ஊடகங்களையும் தன் பக்கம் இழுத்தது என்பது ஒன்றியத்தின் குற்றச்சாட்டு. 2018இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் நடவடிக்கையைத் தொடங்கியது. ஆனால் உறுப்பினரை வெளியேற்ற ஒன்றியத்தின் சட்டத்தில் வழியே இல்லை. கடைசியில் 2022இல், 630 கோடி யூரோ நிதியை நிறுத்திவைத்தார்கள். உள்ளே வந்தபிறகு கையில் மிஞ்சிய பிடி பணம் மட்டுமே.

நம் ஊர் வாசல்

இனி ஆசியானுக்கு வரலாம். 1997 ஜூலையில் கம்போடியா சேரவிருந்த நேரத்தில், அதன் இரு பிரதமர்களில் ஒருவரான ஹுன் சென் தன் கூட்டாளிப் பிரதமரை ஆயுதபலத்தால் அகற்றினார். ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் இதே கோலாலம்பூரில் அவசரமாகக் கூடி, கம்போடியாவைத் தள்ளிவைத்தார்கள். 1998இல் தேர்தல் நடத்தி, மேலவை ஒன்றையும் உருவாக்க ஏற்பாடு செய்த பிறகுதான் 1999 ஏப்ரலில் அதற்கு இடம் கிடைத்தது. ஆகவே ஆசியான் நிபந்தனையே வைக்காது என்பது சரியில்லை.

ஆனால் அதே 1997 ஜூலையில், சுபாங் ஜெயாவில், இராணுவ ஆட்சியில் இருந்த மியன்மாரை எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே வந்தால் மெல்ல மாறும் என்று நம்பினார்கள். 2021இல் அங்கே மறுபடியும் இராணுவப் புரட்சி நடந்தபோது, அதன் தலைவரை உச்சநிலை மாநாட்டுக்கு அழைக்காமல் விடுவதைத் தவிர ஆசியானால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. வாசலில் கேட்காததைக் கூடத்தில் உட்கார்ந்தபின் கேட்பது கடினம். அந்தப் புரட்சியிலிருந்து தப்பி வந்த அகதிகள் நம் சந்தைகளில் மூட்டை தூக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் 1997இல் தவறவிட்ட அந்த வாய்ப்பு எனக்கு உறுத்துகிறது.

திமோர் லெஸ்தே 2002இல் விடுதலை பெற்ற நாடு. 2011இல் விண்ணப்பித்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனத்தின்படி நான்கு தகுதிகள்: தென்கிழக்காசியாவில் இருக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளும் அங்கீகரிக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ள வேண்டும், உறுப்பினரின் கடமைகளைச் செய்யும் திறனும் மனமும் வேண்டும். ஜனநாயகம் பற்றிய தேர்வு இந்தப் பட்டியலில் கிடையாது. திமோரை 14 ஆண்டுகள் காக்கவைத்தது நான்காவது தகுதி. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் நடக்கும் கூட்டங்களுக்கு ஆள் அனுப்ப முடியுமா, வணிக ஒப்பந்தங்களை அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்களா என்பதே கேள்வி. 2022இல் கொள்கையளவில் ஒப்புதல், 2023இல் செய்யவேண்டியவற்றின் பட்டியல், 2025இல் கொடி.

அங்கே மக்கள் தொகை சுமார் 14 லட்சம்தான், அதிலும் பெரும்பாலோர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். ஆட்சி மொழிகள் தேத்தும், போர்த்துகீசியம். ஆசியானின் பணி மொழியோ ஆங்கிலம். இதற்காக அரசு அலுவலர்கள் ஆங்கில வகுப்புகளுக்குப் போக வேண்டியிருந்தது, சுங்க விதிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று, வேலைக்கு வேறொன்று என்று வளர்ந்த நமக்கு அந்த வகுப்பறை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.